கையா, வைஸ் தரவுகளில் டைசன் கோளம் தேடுவது எப்படி?

டைசன் கோளம் என்பது ஒரு விண்மீனின் ஆற்றலை அறுவடை செய்ய, முன்னேறிய நாகரிகம் அதைச் சுற்றி எழுப்பியிருக்கக்கூடிய கற்பனைக் கட்டுமானம். விண்மீனின் ஒளியை யார் அறுவடை செய்தாலும் அது கடைசியில் வெப்பமாக வெளியேறித்தான் ஆக வேண்டும். அகச்சிவப்பில் தேடலாம் என்று ஃப்ரீமன் டைசன் 1960-இல் எழுதினார். கட்டுமானம் 300 கெல்வினில் இருந்தால் அந்த வெப்பம் 10 மைக்ரோமீட்டரை ஒட்டி உச்சம் தொடும். வானத்தை அகச்சிவப்பில் படமெடுத்த வைஸ் விண்கலத்தின் 12, 22 மைக்ரோமீட்டர் பட்டைகள் அதற்குத் தோதானவை.

முதலில், விண்மீன்களின் நிலையையும் தொலைவையும் அளந்த கையா விண்கலத்தின் காப்பகத்தில், மூன்றாம் வெளியீட்டிலிருந்து விண்மீன்களை எடுங்கள்: இடமாறு (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் நகர்வதுபோல் தெரியும் கோணம்; இதிலிருந்தே தொலைவு கிடைக்கும்) 3.3 மில்லி வில்நொடிக்கு மேல் (சுமார் 300 பார்செக்குக்குள்), இடமாறு அதன் பிழையைப்போல் 10 மடங்காவது, ரூவி (RUWE: நிலை அளவீடுகள் ஒற்றை விண்மீனுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண்) 1.4-க்குக் கீழே. ரூவி வரம்பு இரட்டை விண்மீன்கள் பலவற்றைக் கழித்துவிடும். வைஸின் பொருள் பட்டியலான ஆல்வைஸுடன் பொருத்திய அட்டவணை அங்கேயே உண்டு. நீங்களே பொருத்தினால் கவனம்: கையாவின் நிலைகள் 2016-க்கு உரியவை, ஆல்வைஸ் 2010 வாக்கில். ஆண்டுக்கு 1 வில்நொடி நகரும் விண்மீன் 6 வில்நொடி தள்ளிப் போயிருக்கும்.

அடுத்து ஆல்வைஸ் தரும் ஒளியளவுத் தர எழுத்து: 12, 22 மைக்ரோமீட்டர் பட்டைகள் இரண்டிலும் ‘ஏ’ அல்லது ‘பி’ மட்டும். ‘யு’ என்பது அளவீடே அல்ல, மேல்வரம்பு. அதை அளவீடாக எடுத்தால் பொய்யான அகச்சிவப்பு மிகைகள் குவியும். மாசுக் குறிகள் (அருகிலுள்ள ஒளிர்பொருளின் தாக்கத்தைப் பட்டைவாரியாகக் காட்டுபவை) நான்கும் சுழியமாக இருக்கட்டும்.

மிஞ்சியவற்றின் அளவீடுகளுக்கு, விண்மீனும் கட்டுமானமும் சேர்ந்த ஒளியின் கணக்கு மாதிரியைப் பொருத்துங்கள். மாறிகள் இரண்டு: மறைப்பு விகிதம் (விண்மீன் ஒளியில் கட்டுமானம் மறைக்கும் பங்கு), கட்டுமானத்தின் வெப்பநிலை (100–700 கெல்வின்). மறைப்பு விகிதம் அகச்சிவப்பைக் கூட்டுவதோடு கண்ணுறு ஒளியையும் அதே கணக்கில் குறைக்க வேண்டும். தொலைவு தெரியும் என்பதால் இந்தக் குறைவை அளக்க முடியும். இரண்டும் ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பெரும்பாலான வேட்பாளர்கள் கழிந்துபோவது வைஸ் படங்களைப் பார்க்கும்போதுதான். வைஸின் பிரிதிறன் 3.4 மைக்ரோமீட்டரில் 6 வில்நொடி, 22-இல் 12. அந்த அகலத்துக்குள் பின்னணியில் ஒரு தூசுமண்டிய விண்மீன்திரள் இருந்தால் அதன் வெப்பமும் உங்கள் விண்மீன் கணக்கில் சேரும். 3.4, 22 மைக்ரோமீட்டர் படங்கள் இரண்டையும் மாற்றிமாற்றிப் பாருங்கள்: 22-இல் ஒளிமையம் நகர்ந்தால் அது வேறு பொருள். சுற்றிலும் புகைபோல் படர்ந்திருந்தால் நெபுலா. ஹைட்ரஜன் ஆல்ஃபா உமிழ்வு (ஹைட்ரஜன் வெளியிடும் சிவப்பு நிற ஒளி) தெரிந்தால் இளம் விண்மீனாக இருக்கலாம். பிறகு ரேடியோ வரைபடங்கள்: பின்னணி விண்மீன்திரள் அவற்றில் தென்படலாம். இதைத் தவிர்க்கவே கூடாது. டைசன் கோளங்களைத் தேடும் ஹெஃபைஸ்டோஸ் திட்டம் 2024-இல் ஏறத்தாழ 50 லட்சம் விண்மீன்களைச் சலித்து 7 எம்-வகைக் குறுமீன்களை (சிறிய, குளிர்ந்த, சிவந்த விண்மீன்கள்) வேட்பாளர்களாகத் தேர்ந்தது. அவற்றில் மூன்றின் அருகே ரேடியோ மூலங்கள் அகப்பட்டன.

அதையும் தாண்டியதற்கு நடு-அகச்சிவப்பு நிறமாலை தேவை. 10 மைக்ரோமீட்டரில் சிலிக்கேட் மேடு எழுந்தால் அது தூசு.