புதிய கடல் மீனுக்குத் தனிமைத் தொட்டி அமைக்கும் முறை

கடல் மீன் வளர்ப்பவர்களில் பலர் மீன் பை கைக்கு வந்த பிறகுதான், புது மீனை முதலில் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியைத் தேடுகிறார்கள். அந்த வேலையோ ஒரு மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியையும் ஏர் பம்ப்பையும் ஒரே மாலையில் வாங்கிவிடலாம், மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா மட்டும் அவ்வளவு விரைவில் நிலைகொள்ளாது. ஆகவே, மீன் வாங்கும் எண்ணம் வந்த அன்றே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரின் ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் சம்ப்பில் (அதன் தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டியில்), தண்ணீர் நன்றாக ஓடும் இடத்தில் போட்டு வைக்க வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் அதில் போதிய பாக்டீரியா குடியேறிவிடும். பெரிய தொட்டியில் ஏற்கெனவே நோய் இருந்தால் இந்த வழி கூடாது. ஸ்பாஞ்சோடு நோயும் வந்துவிடும். அப்போது புட்டியில் விற்கும் பாக்டீரியாவைக் கொண்டு, தனிமைத் தொட்டியிலேயே ஸ்பாஞ்சைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்பதற்கு வெள்ளைப் புள்ளி நோயின் வாழ்க்கைச் சுழற்சியே விடை. அதை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலிலும் செவுளிலும் சில நாள் தங்கி உண்டு, பிறகு உதிர்ந்து, கல்லிலோ கண்ணாடியிலோ கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. புள்ளிகள் மறைந்ததைக் கண்டு மீன் குணமாகிவிட்டது என்று நாம் நினைக்கும் நாட்களில்தான் அந்தக் கூட்டுக்குள் அது பலவாகப் பிரிந்துகொண்டிருக்கும். பவளமும் லைவ் ராக்கும் (உயிரிகள் குடியிருக்கும் கடற்கல்லும்) உள்ள தொட்டியில், ஒட்டுண்ணியைக் கொல்லும் தாமிர மருந்தை ஊற்ற முடியாது என்பதால், நோய் உள்ளே நுழைந்துவிட்டால் எல்லா மீன்களையும் வெளியேற்றிவிட்டு, வளர்ப்பவர்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் கணக்கின்படி, ஒட்டுண்ணி அழியும்வரை 76 நாள் தொட்டியை மீனின்றி விட்டுவைக்க நேரும். இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்த, அழகுக்குப் பேர்போன பவுடர் ப்ளூ டாங் இந்த நோய்க்கும் பேர்போனது. ஆகவே, அந்த மீனையே மனத்தில் வைத்து இனிச் சொல்கிறேன்.

தொட்டி 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உடையதாக இருந்து, 40 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 108 லிட்டர். சிறிய டாங் ஒன்றுக்குத் தனிமைக் காலம் முழுவதும் இது போதும். கடையில் சொல்லும் லிட்டர் கணக்கை நம்பாமல், தண்ணீர் நிற்கும் உயரத்தை அளந்து பெருக்கிக்கொள்வது நல்லது. மருந்தின் அளவு முழுவதும் இந்த எண்ணைத்தான் சார்ந்திருக்கிறது. மணலோ கல்லோ பவளத் துண்டோ உள்ளே இருக்கக் கூடாது, அவை தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மீன் ஒளிந்துகொள்ள, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி குழாய் இணைப்புகளான எல்போவும் டீயும் போதும். வெறும் கண்ணாடித் தரையின் பிரதிபலிப்பு மீனை மிரளவைக்கும் என்பதால், தொட்டியின் அடியிலும் பின்புறத்திலும் வெளியே கறுப்புச் சார்ட் தாளை ஒட்டிவிட வேண்டும். மேலே வலை மூடி கட்டாயம். தெறிக்கும் துளிகளிலும் நோய் பரவக்கூடும் என்பதால் தொட்டியை வேறு அறையில் வைப்பதே பாதுகாப்பு. வலை, குழாய், வாளி எல்லாம் தனித்தனியாகவே இருக்கட்டும்.

ஆர்ஓ தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, ஒரு நாள் முழுவதும் காற்று ஓடவிட்டுப் பயன்படுத்த வேண்டும். இன்றைய குடிநீர் ஆர்ஓ இயந்திரங்கள் சிலவற்றில் உடல்நலத்துக்கென்று தாமிரம் சேர்க்கும் பகுதி இருக்கிறது; நமக்கு நன்மை தருவதாக விற்கப்படும் அது பெரிய தொட்டியில் உள்ள இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு, தனிமைத் தொட்டியிலோ நம் கணக்கைக் கெடுக்கும். வெப்பநிலை 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். சென்னையின் சித்திரை, வைகாசியில் ஹீட்டருக்கு வேலை இராது, தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசும் சிறு மின்விசிறிதான் வேண்டியிருக்கும். மின்வெட்டுக்கென்று பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் அவசியம்.

பல மீன் கடைகளில் தண்ணீரின் உப்பு அடர்த்தியை (நல்ல தண்ணீரை 1 என்று கொண்ட ஒப்படர்த்தியை) குறைத்தே வைத்திருப்பார்கள். முந்தின நாளே கேட்டு அறிந்து, தனிமைத் தொட்டியின் அடர்த்தியை அதற்குச் சமமாக்கிவிட்டால், வெப்பநிலை ஒத்துவரப் பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு மீனை உடனே மாற்றிவிடலாம். நெடுநேரம் பயணம் செய்து வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் வழக்கம் ஆபத்தானது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறிப் பிஎச் உயர்கிறது, அதனால் அதுவரை தீங்கின்றி இருந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அடர்த்தியைப் பிறகு பல நாட்களில், நாளுக்கு 0.001 என்ற அளவில், 1.025 வரை உயர்த்தலாம்.

மீன் உண்ணத் தொடங்கிய பிறகே மருந்து. டாங்குக்கு உப்பும் மசாலாவும் சேர்க்காத நோரித் தாளை (உலர்ந்த கடற்பாசித் தாளை) கிளிப்பில் மாட்டிவைத்தால், பெரும்பாலும் ஓரிரு நாளில் கொத்தத் தொடங்கும். கீலேட் செய்யப்பட்ட (வேறொரு சேர்மத்தோடு பிணைக்கப்பட்ட) தாமிர மருந்தான காப்பர் பவருக்கு இலக்கு லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம், மற்றொரு தாமிர மருந்தான கியூப்ரமினுக்கு 0.5 மட்டுமே. ஒன்றின் இலக்கை மற்றொன்றுக்கு வைத்துக்கொண்டால் மீன் சாகும் அல்லது ஒட்டுண்ணி பிழைக்கும். நான்கைந்து நாட்களில் படிப்படியாக இலக்கை எட்டி, அங்கிருந்து 30 நாள் குறையாமல் காக்க வேண்டும். இடையில் அளவு இலக்குக்குக் கீழே இறங்கினால் நாட்கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அளவை நிறம் பார்த்து ஊகிக்காமல், ஹன்னா ஹை ரேஞ்ச் காப்பர் செக்கர் போன்ற கருவியில் பார்ப்பதே சரி. 20 லிட்டர் தண்ணீரை மாற்றினால், அந்த 20 லிட்டருக்கு உரிய மருந்தைப் புதுத் தண்ணீரிலேயே கலந்து ஊற்ற வேண்டும். ஆவியாகிக் குறைந்ததை ஈடுசெய்யும்போது வெறும் ஆர்ஓ தண்ணீரே போதும், ஏனெனில் உப்பைப் போலவே தாமிரமும் ஆவியாவதில்லை.

இந்த நாட்களில் தினமும் பார்க்க வேண்டியது அம்மோனியா. அது தலைகாட்டினால் மருந்து கலந்த புதுத் தண்ணீரால் பாதியை மாற்றுவதே வழி. அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவங்களைத் தாமிரத்தோடு சேர்த்தால் தாமிரத்தின் நச்சு கூடிவிடும். மிஞ்சிய தீனியை அன்றன்றே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

எல்லா மீனுக்கும் தாமிரம் வேண்டும் என்பதில்லை. நம்பகமான பண்ணையில் பிறந்து, காட்டு மீன்களோடு தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளாத கோமாளி மீனை ஒரு மாதம் கவனித்தாலே போதும் என்பது என் கருத்து. கடலில் பிடித்த கோமாளி மீனைத் தாக்கும் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணிக்கோ தாமிரம் பயன்படாது, ஃபார்மலின் வேண்டும். மீனில் ஒட்டி வாழும் தட்டைப் புழுக்களுக்குப் பிராசிகுவாண்டெல் என்ற மருந்து. தாமிரம் முடிந்த பிறகு அதை ஒரு வார இடைவெளியில் இருமுறை கொடுக்கலாம், ஆனால் அப்போது ஆக்சிஜன் குறையக்கூடும் என்பதால் ஏர் ஸ்டோன் ஒன்றைக் கூடுதலாகப் போட வேண்டும்.

சிகிச்சை முடிந்ததும் வடிகட்டியில் இடும் ஆக்டிவேட்டட் கார்பனாலும் தண்ணீர் மாற்றத்தாலும் தாமிரத்தை நீக்கி, மேலும் இரண்டு வாரம் மீனைக் கவனித்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். தனிமைத் தொட்டியின் தண்ணீர் ஒரு துளியும் உடன் போகக் கூடாது. தாமிரம் பட்ட ஸ்பாஞ்சை மீண்டும் சம்ப்பில் போடாமல் எறிந்துவிட்டு, தொட்டியை ப்ளீச் கரைசலில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்துவைக்கலாம்.