பல்கலைக்கழக மாணவரின் கற்றல் குறைபாட்டை மதிப்பிடுவது எப்படி?

தேர்வுச் சலுகையோ கற்றல் உதவியோ கோரி வரும் பல்கலைக்கழக மாணவர், பள்ளிப் படிப்பை எப்படியோ கடந்து வந்தவர். தம் குறையைச் சமாளிக்கும் வழிகளை அத்தனை ஆண்டுகளில் தாமே கண்டுபிடித்து வைத்திருப்பார். எனவே சிறுவர்களிடம் சட்டெனத் தென்படும் வாசிப்புப் பிழைகள் இவரிடம் பெரும்பாலும் தென்படமாட்டா. அந்தச் சமாளிப்புக்கு அவர் செலவிடும் நேரத்தையும் அடையும் களைப்பையும்தான் மதிப்பீட்டாளர் தேட வேண்டும்.

சோதனைகளுக்கு முன் விரிவான நேர்காணல் அவசியம். எப்போது வாசிக்கத் தொடங்கினார், பேச்சு தாமதப்பட்டதா, பயிற்று மொழி இடையில் மாறியதா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இச்சிரமம் உண்டா என்று கேட்டறிந்து, பழைய மதிப்பெண் பட்டியல்களையும் ஆசிரியர் குறிப்புகளையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பார்வையும் செவித்திறனும் பரிசோதிக்கப்பட்டுள்ளனவா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். “வாசிப்பதில் சிரமம் உண்டா?” என்ற கேள்விக்கு “ஆமாம்” என்ற பதிலைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. “கடைசியாகப் படித்த பாடக் கட்டுரையை எப்படிப் படித்தீர்கள்?” என்று கேட்டால், ஒரே பத்தியை நான்கு முறை படித்ததும், பிறகு நண்பரிடம் விளக்கம் கேட்டதும் தாமாகவே வெளிவரும்.

அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிவதற்கான டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, உரிய உதவி கிடைத்த பின்னும் சிரமம் குறைந்தது 6 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும்; அதன் தொடக்கம் பள்ளிப் பருவத்தில் இருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தரப்படுத்தப்பட்ட சோதனைக்குப் பதிலாக ஆவணப்படுத்தப்பட்ட வரலாற்றையே ஏற்கலாம் என்றும் அது இடமளிக்கிறது. ஆயினும் இச்சலுகையைக் காட்டிச் சோதனைகளைத் தவிர்ப்பது சரியாகாது என்பது என் கருத்து; உதவி வழங்குவோருக்குத் தேவைப்படுவது மாணவரின் இன்றைய நிலை.

அறிதிறனை அளக்க வெக்ஸ்லர் சோதனை போன்ற ஒன்று உதவும். ஆனால் நுண்ணறிவு ஈவுக்கும் (ஐ.க்யூ.) வாசிப்புத் திறனுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால்தான் குறைபாடு என்ற பழைய அளவுகோலை டி.எஸ்.எம்.-5 கைவிட்டுவிட்டது. உண்மையான தகவல் கிடைப்பது வாசிப்பு, எழுத்து, கணிதத் திறன் சோதனைகளில்தான். தனிச்சொற்களையும் பொருளற்ற சொற்களையும் நேரக் கட்டுப்பாட்டுடன் வாசிக்கச் செய்ய வேண்டும். தொடர் உரையை வாய்விட்டும் மௌனமாகவும் படிக்கச் செய்ய வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு தலைப்பில் எழுதவும் வைக்க வேண்டும். இவற்றோடு ஒலிகளைப் பிரித்தறியும் திறன், விரைந்து பெயரிடும் திறன் (கண்ட படங்கள், எழுத்துகளின் பெயரை வேகமாகச் சொல்வது), செயல்படு நினைவு (தகவலைச் சிறிது நேரம் மனத்தில் வைத்துக் கையாள்வது) ஆகியவற்றையும் அளக்க வேண்டும்.

வாய்விட்டு வாசிக்கும்போது மதிப்பெண்ணைவிட வாசிப்பவரைக் கவனிப்பது நல்லது. “நிர்ணயம்” என்ற சொல்லை ஒருவர் “நிவாரணம்” என்று வாசித்து, வாக்கியம் பொருந்தாததைக் கண்டு திரும்பிவந்து திருத்திக்கொள்வார். விடைத்தாளில் அது பிழையாகப் பதிவாகாது, கடிகாரத்தில் மட்டும் பதிவாகும். தமிழைப் போல எழுத்துக்கும் ஒலிக்கும் பெரும்பாலும் நேரான தொடர்புள்ள மொழிகளில், குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிட வேகக் குறைவாகவே மிகுதியும் வெளிப்படுகிறது. ஆகவே இரு மொழிகளில் படிப்பவரை இயன்றவரை இரண்டிலும் சோதிக்க வேண்டும். இரண்டாம் மொழியில் மட்டுமே தடுமாறுபவருக்கு மொழிப் பயிற்சி போதாமையே காரணமாக இருக்கலாம்.

பெரும்பாலான சோதனைகளில் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) 15. அந்த அளவையில் 85 என்பது ஏறத்தாழ 16ஆம் சதமானம், அதாவது நூறு பேரில் ஏறத்தாழ 16 பேரே அதற்குக் கீழே இருப்பர். 78 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கண்டறிதல் மேலும் உறுதிப்படும் என்கிறது டி.எஸ்.எம்.-5. இந்த எண்களைக் கோடு போட்டுப் பிரிக்கும் எல்லைகளாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பிழை வரம்பு உண்டு. இருபது சோதனைகள் எழுதும் எவருக்கும் ஒன்றிரண்டு தாழ்ந்தே வரும். வரலாறும், நேரில் கண்டதும், ஒன்றோடொன்று தொடர்புடைய பல மதிப்பெண்களும் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

கவனக் குறைவு, பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவையும் வாசிப்பை மெதுவாக்கும். கவனக் குறைவு மிகை இயக்கக் கோளாறு கற்றல் குறைபாட்டுடன் சேர்ந்தே வருவதும் உண்டு என்பதால், ஒன்றைக் கண்டவுடன் மற்றொன்றைத் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது. முழு முயற்சியுடன் பதிலளிக்கிறாரா என்பதை அளக்கும் சோதனையையும் சேர்ப்பது நல்லது. அது சந்தேகத்தால் செய்வதன்று, எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அறிக்கையில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே அதற்கான சான்று இருக்க வேண்டும். “கூடுதல் நேரம் தேவை” என்று மட்டும் எழுதினால், அலுவலர் எவ்வளவு என்று மறுபடி கேட்பார். நேரக் கட்டுப்பாட்டில் மாணவர் எத்தனை கேள்விகளுக்கு விடையளித்தார், அது நீங்கியபோது எத்தனைக்கு அளித்தார் என்பதை எழுதினால் அந்தக் கேள்வி எழாது. எழுதும் வேகம் மட்டும் குறைவாக இருப்பவருக்குக் கணினியே பெரிய உதவியாக அமையலாம். கூடுதல் நேரமும் தேவையா என்று தனியே பார்க்க வேண்டும். சோதனைக் கேள்விகளை அப்படியே அறிக்கையில் எடுத்தெழுதலாகாது. குடும்பம், உடல்நலம் பற்றிய விவரங்கள் அடங்கிய முழு அறிக்கையை மாணவரிடம் கொடுத்து, குறைபாட்டின் தாக்கமும் பரிந்துரைகளும் மட்டும் கொண்ட சுருக்கத்தை அவர் சம்மதத்துடன் உதவி மையத்துக்கு அனுப்புவது உகந்தது.