புது ஷாக் மாட்டியும் முதுகு வலித்தது

பள்ளத்தில் இறங்கினால் பைக்கின் பின்பக்கம் இரண்டு மூன்று முறை குதிக்கும். பழைய ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தது. கேஸ் நிரப்பிய புது ஜோடியை மாட்டினேன். குதிப்பு நின்றது, ஆனால் ஒவ்வொரு மேடும் முதுகில் குத்தியது. காசு போச்சே!

அப்புறம்தான், நான் உட்கார்ந்தால் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பார்த்தேன். பின் சக்கரத்தைத் தூக்கி, அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை ஓர் அளவு. நான் உட்கார்ந்ததும் இன்னோர் அளவு. (வண்டியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், தனியாக முயன்று விழப் பார்த்தேன்.) வித்தியாசம் 12 மி.மீ.தான். சக்கரத்தின் மொத்த அசைவு 100 மி.மீ. என்பதால், உட்கார்ந்ததும் அதில் ஏறக்குறைய 30 மி.மீ. இறங்க வேண்டும். ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவை) இருபக்கமும் சமமாக மூன்று படி தளர்த்தினேன், 28 வந்தது. பின்னால் ஆள் ஏறினால் மட்டும் மறுபடி கூட்டிக்கொள்கிறேன்.