இடதுக்குப் பெரியது, வலதுக்கு நடுத்தரம்

கொழும்பு வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் புறக்கோட்டை வரை கர்நாடக சங்கீதம்தான் எனக்குத் துணை. ஆனால் இடது இயர்போன் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் நழுவிவிடும். மிருதங்கம் தகரம் மாதிரிக் கேட்கும். இயர்போனின் மெத்தென்ற முனை காதைச் சரியாக அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலிதான் முதலில் போகும். சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, காதுதான் கெடும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கடைகள் பக்கம் போய் வேறு வேறு அளவு சிலிக்கோன் முனைகள் வாங்கி மாற்றிப் பார்த்தேன். இடதுக்குப் பெரியது, வலதுக்கு நடுத்தரம். இரண்டு காதும் ஒரே அளவென்று யார் சொன்னது? வயரைக் காதுக்கு மேலால் சுற்றிப் போட்டதும் இழுபடுவதும் நின்றது.

ஃபோம் முனை இன்னும் நன்றாக அடைக்கும், விரலால் நசுக்கிச் செருக வேண்டும். ஆனால் கொழும்பு வியர்வைக்குச் சீக்கிரம் ஊத்தையாகிவிடும். எனக்குச் சிலிக்கோனே போதும். காலி வீதியைக் கடக்கும்போது மட்டும் இரண்டு இயர்போனையும் கழற்றிவிடுவேன்.