பக்கத்து வீட்டுச் சேவல் விடியுமுன் கூவினால்

கீழக்கரையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மொட்டை மாடிக் கூண்டிலிருந்து சேவல் கூவினால் தெருவே விழிக்கும். சேவலுக்கு உள்ளேயே கடிகாரம் உண்டு. வெளிச்சம் வராமலும் கூவும். அதனால் கூவலை அடக்க இருட்டு மட்டும் போதாது. கூவ அது கழுத்தை முழுசாக நீட்ட வேண்டும். அதைத் தடுத்தால் சத்தம் குறைகிறது.

எனக்குக் கைகொடுத்தது பிளைவுட் இரவுப்பெட்டி: 2 அடி நீளம், 2 அடி அகலம், உயரம் ஒன்றரை அடி. சேவல் நிற்கலாம், உட்காரலாம், கழுத்தை நிமிர்த்த முடியாது. உயரமான சாதிச் சேவலென்றால் அளந்து கூட்டுங்கள். எதிரெதிர்ப் பக்கம் அடியில் காற்றுத்துளைகள் கட்டாயம். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் மூடிய பெட்டி கோழியைக் கொன்றுவிடும். தகரம் வேண்டவே வேண்டாம், சூடும் ஏறும், ஒலியும் அதிரும். தரையில் தேங்காய் நார், இரண்டு நாளுக்கொருமுறை மாற்றணும். பொழுது சாய்ந்ததும் அடைத்து, காலை ஆறு மணிக்குத் திறக்கணும். பகலில் அடைக்கக் கூடாது.

கழுத்துப்பட்டை கட்டாதீர்கள், இறுகினால் மூச்சு முட்டும். இரண்டு சேவல் இருந்தால் ஒன்றுக்கொன்று பதில் கூவும். ஒன்றை விற்கச் சொல்லலாம். முட்டைக்குச் சேவலே தேவையில்லை.

பேச்சு முக்கியம். “காக்கா (அண்ணே), சேவலை விக்கச் சொல்லல, பெட்டிக்கு மரம் நான் தாறேன்” என்று தொடங்கினால் மறுக்க மாட்டார்கள்.