வலி இல்லை என்று கண் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்

கண்புரை ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அம்மா மருந்துப் பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். "வலியே இல்லையே, இனி எதுக்கு?" பல வீடுகளில் நடக்கிற தவறு இது. அழற்சியை அடக்கும் சொட்டு வலிக்காக மட்டும் தருவதல்ல. அழற்சி அடங்காவிட்டால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கலாம், அது வலிக்கவே வலிக்காது. பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் கழித்துப் பார்வை மங்கும்போதுதான் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு சொட்டை முதல் வாரம் 6 வேளை, அடுத்த வாரம் 5 வேளை என்று படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்கள். சட்டென்று நிறுத்தினால் அடங்கிய அழற்சி மறுபடி கிளம்பலாம். சரி, நல்லதுதானே என்று பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கித் தொடர்ந்து போடுவது அதைவிட மோசம். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். பார்வை நரம்பு சத்தமில்லாமல் கெடும். நெபஃபெனாக், கீட்டோரோலாக் போன்ற ஸ்டீராய்டு இல்லாத சொட்டுகளையும் இஷ்டத்துக்கு நீட்டினால் கருவிழி புண்ணாகலாம்.

போடும் விதத்திலும் கவனம் வேண்டும். பிரெட்னிசலோன் அசிட்டேட், நெபஃபெனாக் இரண்டிலும் மருந்து அடியில் படியும். குலுக்காமல் போட்டால் கண்ணுக்குள் போவது பெரும்பாலும் வெறும் நீர்தான். அம்மாவுக்கு நான் முதலில் இரண்டு சொட்டு விட்டேன். அவர் கண்ணை இறுக்கிச் சிமிட்ட, அத்தனையும் கன்னத்தில் வழிந்தது. கீழிமைப் பள்ளத்தில் ஒரு சொட்டுக்கே இடம் போதாது. அதனால் கையைக் கழுவி, கீழிமையை லேசாக இழுத்து, ஒரே சொட்டு. பாட்டில் நுனி இமையில் படக்கூடாது. பிறகு ஒரு நிமிடம் கண்ணைச் சும்மா மூடியிருந்தால் போதும். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிவிடும். அப்புறம், திறந்து ஒரு மாதமான பாட்டிலை வேறு யாருக்கும் எடுத்து வைக்காதீர்கள்.

குறைந்த வலி திடீரென்று கூடினால், கண் மேலும் சிவந்தால், பார்வை மங்கினால், ஒரு சொட்டு சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உள்ளே கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.