மூக்குத்தி பளிச், கண் மங்கல்: டி.எஸ்.எல்.ஆர். ஆட்டோஃபோகஸைத் திருத்துவது எப்படி?

85 எம்.எம். லென்ஸ், எஃப் 1.8. ஃபோகஸ் புள்ளியை மணப்பெண்ணின் கண்மேல் வைத்துத்தான் எடுத்தீர்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் மூக்குத்திக் கல் பளிச்சென்று இருக்கிறது, இமை முடி மங்கிக் கிடக்கிறது. இது ஃப்ரன்ட் ஃபோகஸ். கண்ணுக்குப் பதில் ஜிமிக்கி தெளிவாக விழுந்தால் பேக் ஃபோகஸ். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் இந்த லென்ஸுக்கு 2 மீட்டர் தொலைவில் கிடைக்கும் தெளிவு ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) மொத்தமே 6 செ.மீ.தான், அதாவது முன்னால் 3, பின்னால் 3. இரண்டு செ.மீ. தள்ளிப்போனாலே முகம் கெட்டுவிடும். அதே படத்தை எஃப் 8-இல் எடுத்தால் ஆழம் 25 செ.மீ.க்கு மேல் போவதால் பிழை இருப்பதே தெரியாது.

டி.எஸ்.எல்.ஆர். வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்யும்போது படம் பதியும் சென்சார் அந்த வேலையைப் பார்ப்பதில்லை. பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் கொஞ்சத்தை உள்ளே விடுகிறது. பின்னாலிருக்கும் சிறு கண்ணாடி அதைக் கீழே திருப்பி, கேமராவின் அடியிலுள்ள தனி ஏ.எஃப். (ஆட்டோஃபோகஸ்) சென்சாருக்கு அனுப்புகிறது. லென்ஸ் மவுன்டிலிருந்து இரண்டு சென்சார்களுக்கும் ஒளி போகும் தூரம் அப்படியே ஒத்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒரு மயிரிழை விலகினாலும், கேமரா கீழே விழுந்து சிறு கண்ணாடி நகர்ந்தாலும் ஃபோகஸ் தள்ளிப்போகும். லென்ஸுக்கும் தனக்கென ஒரு விலகல் உண்டு. பாடியின் (கேமராவின்) விலகலும் லென்ஸின் விலகலும் ஒரே பக்கம் சேர்ந்தால் பிழை கண்ணில் படும் அளவுக்கு வளர்கிறது. மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) கேமரா படச் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் அங்கே இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. உள்ளே தனிக் கண்ணாடி கொண்ட சோனி எல்.ஏ-ஈ.ஏ4 போன்ற அடாப்டர் போட்டால் மட்டும் திரும்பவும் வரும்.

மெனுவில் ஓர் எண் கொடுத்து இதைத் திருத்தும் வசதி 2007-இல் கேனான் 1டி மார்க் 3, நிக்கான் டி3, டி300 ஆகியவற்றில் வந்தது. கேனான் மெனுவில் இதன் பெயர் ஏ.எஃப். மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட், நிக்கானில் ஏ.எஃப். ஃபைன் டியூன். கேனான் 7டி, 70டி, 80டி, 90டி, 6டி, 5டி மார்க் 3, நிக்கான் டி7000 வரிசை, டி750, டி850 எல்லாவற்றிலும் உண்டு. கேனான் 60டி, 1500டி, நிக்கான் டி3500, டி5600 ஆகியவற்றில் இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்யலாம், அல்லது பாடியையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸ் சென்டரில் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லலாம்.

மெனுவைத் தொடும் முன்

மங்கிய படங்களில் பெரும்பாலானவற்றுக்கு லென்ஸ் காரணமே அல்ல. ஷட்டர் ஸ்பீடு 1/60 ஆக இருந்தால் கை அசைவு. ஏ.எஃப். ஏரியாவை ஆட்டோவில் விட்டால் கேமரா தனக்கு அருகில் உள்ளதைப் பிடிக்கும், அது மாலையாகக்கூட இருக்கலாம். நடுப்புள்ளியில் பூட்டிவிட்டு ஃப்ரேமை நகர்த்தினால் ஃபோகஸ் தளமும் கூடவே சாய்ந்துபோகும். ஆகவே கேமராவை ட்ரைபாடில் வையுங்கள். ஒரே பொருளை வியூஃபைண்டர் ஃபோகஸில் ஐந்து படமும், லைவ் வியூ ஃபோகஸில் ஐந்து படமும் எடுங்கள். லைவ் வியூ படங்கள் தெளிவாக இருந்து, வியூஃபைண்டர் படங்கள் எல்லாமே ஒரே பக்கம் தள்ளியிருந்தால்தான் திருத்த வேண்டும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று சிதறினால் எந்த எண்ணும் உதவாது.

இலக்கு

ஒரு தாளில் கோடுகளை அச்சிட்டு, மேஜைமேல் பரப்பி, 45 டிகிரி சாய்வில் படமெடுக்கும் முறையை நம்பாதீர்கள். வியூஃபைண்டரில் தெரியும் சிறு கட்டத்தைவிட உண்மையான ஏ.எஃப். உணர்பகுதி பெரியது. சாய்ந்த தாளில் அது முன்கோட்டைப் பிடித்ததா, பின்கோட்டைப் பிடித்ததா என்று உங்களால் சொல்ல முடியாது. ஃபோகஸ் செய்யும் பரப்பு கேமராவுக்கு நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும், அளக்கும் ஸ்கேல்தான் சாய்ந்திருக்க வேண்டும்.

20 செ.மீ. உயரமுள்ள தட்டையான அட்டைப்பெட்டி ஒன்று போதும். அதன் முகத்தில் நாளிதழின் தடித்த தலைப்பு எழுத்துகளை ஒட்டுங்கள். குறுக்கும் நெடுக்கும் கோடுகள் இருப்பதால் நடுப்புள்ளி நன்றாகப் பிடிக்கும். பக்கத்தில் 30 செ.மீ. பள்ளிக்கூட ஸ்கேல். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் 45 டிகிரி மூலைமட்டத்தின் சாய்ந்த பக்கத்தில் அதை டேப்பால் ஒட்டினால் கோணம் சரியாக அமையும். சிறிய எண்கள் கேமரா பக்கம், 15 செ.மீ. கோடு பெட்டி முகத்தின் நேர்கோட்டில். ஸ்டீல் ஸ்கேல் வேண்டாம், ஒளி பட்டுக் கூசும்.

தூரம், குவியத் தூரத்தைப்போல் 25 முதல் 50 மடங்கு: 50 எம்.எம்.க்கு 1.25 – 2.5 மீட்டர், 85-க்கு 2 – 4 மீட்டர், 200-க்கு 5 – 10 மீட்டர். நீங்கள் வழக்கமாக எந்தத் தூரத்தில் எடுக்கிறீர்களோ அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. லென்ஸின் மையம் பெட்டி முகத்தின் நடு உயரத்தில், ஏறத்தாழ 10 செ.மீ.யில், இருக்கட்டும். நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு கைக்கண்ணாடியைப் பெட்டி முகத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். வியூஃபைண்டரில் உங்கள் லென்ஸே நடுவில் தெரிந்தால் சரி.

வெளிச்சத்துக்குக் காலை நேர நிழல் மிகச் சிறந்தது. மஞ்சள் பல்பின் கீழ் சோதிக்காதீர்கள். ஒளியின் நிறம் மாறினால் ஏ.எஃப். சென்சார் காட்டும் இடமும் சற்று மாறும், பிறகு வெளியில் எடுக்கும்போது உங்கள் எண் பொய்யாகிவிடும்.

எடுப்பதும் படிப்பதும்

அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) முழுதாகத் திறங்கள். நடுப்புள்ளி மட்டும், ஒன் ஷாட் (கேனான்) அல்லது ஏ.எஃப்-எஸ். (நிக்கான்), அதாவது ஒருமுறை பிடித்துப் பூட்டும் ஃபோகஸ். ஐ.எஸ்./வி.ஆர். (கை அசைவைத் தணிக்கும் வசதி) அணைத்து, 2 வினாடி டைமர் வைத்து, ஷட்டர் ஸ்பீடு 1/200-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் லென்ஸ் வளையத்தைத் திருப்பி ஃபோகஸைக் கெடுங்கள், ஒருமுறை இன்ஃபினிட்டி பக்கம், மறுமுறை அருகாமைப் பக்கம். இதைச் செய்யாவிட்டால் மோட்டார் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, எல்லாப் படமும் ஒரே அளவைத்தான் சொல்லும். எண் ஒன்றுக்கு ஆறு படமாவது வேண்டும்.

ஏ.பி.எஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) பாடியில் 50 எம்.எம்., எஃப் 1.8, 1.25 மீட்டர் என்றால் ஆழம் சுமார் 4.5 செ.மீ. 45 டிகிரி ஸ்கேலில் அது ஏறத்தாழ 6 செ.மீ.யாக நீண்டு தெரியும். 12-இலிருந்து 18 வரை தெளிவென்றால் எல்லாம் ஒழுங்கு. 10.5 முதல் 16.5 வரை என்றால் மையம் 13.5, ஃபோகஸ் 1 செ.மீ. முன்னால் விழுகிறது. முன்னால் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு என்ற பழைய கணக்கு இந்தத் தூரங்களுக்குப் பொருந்தாது, இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம்தான்.

கேனான், நிக்கான் இரண்டிலும் எல்லை –20 முதல் +20 வரை. கழித்தல் எண் ஃபோகஸைக் கேமராவை நோக்கி இழுக்கும், கூட்டல் எண் பின்னால் தள்ளும். எனவே ஃப்ரன்ட் ஃபோகஸுக்குக் கூட்டல். இதில் குழம்பித் தலைகீழாகப் போட்டுப் பிழையை இரட்டிப்பாக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. +5, +10 என்று பெரிய தாவலாகப் போங்கள். பிழை மறுபக்கம் மாறியதும் இடையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓர் எண்ணுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று பொதுக் கணக்கு கிடையாது, லென்ஸுக்கு லென்ஸ் மாறும். ஆறு படங்களில் மிகத் தெளிவான ஒன்றைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஆறும் எங்கே குவிகின்றன என்று பாருங்கள்.

நிக்கான் டி5, டி500, டி850, டி7500 வைத்திருப்பவர்களுக்குக் குறுக்குவழி உண்டு. லைவ் வியூவில் நடுப்புள்ளியால் ஃபோகஸ் செய்து, ஏ.எஃப். மோடு பட்டனையும் வீடியோ ரெக்கார்டு பட்டனையும் சேர்த்து 2 வினாடிக்கு மேல் அழுத்தினால் கேமராவே எண்ணைக் கணக்கிடும். ஒவ்வொரு முறையும் சற்றே வேறு எண் வரலாம். அதனால் எட்டுப் பத்து முறை செய்து சராசரியை எடுங்கள், பிறகு ஸ்கேல் வைத்து உறுதிசெய்யுங்கள்.

ஜூம் லென்ஸில் இரண்டு முனைகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். கேனான் 5டி மார்க் 3 போன்றவை வைட் (அகலக் கோணம்), டெலி (தொலைவை அருகே இழுப்பது) இரண்டுக்கும் தனி எண் வைக்கும். பெரும்பாலான நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்.களில் ஒரே எண்தான். அங்கே டெலி முனைக்குச் சரிசெய்யுங்கள், ஆழம் குறைவாக இருப்பதும் பிழை முதலில் தெரிவதும் அங்கேதான். டெலிகன்வர்ட்டர் (குவியத் தூரத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) போட்டால் அந்தக் கூட்டுக்குத் தனியாகச் செய்ய வேண்டும்.

சிக்மா ஆர்ட் லென்ஸ்களில் அருகே ஓர் அளவும் தூரத்தில் வேறு அளவும் பிழை இருப்பதுண்டு. பாடியில் ஓர் எண் போட்டு இதைத் தீர்க்க முடியாது. சிக்மாவின் யு.எஸ்.பி. டாக் (லென்ஸைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) இதற்காகவே உள்ளது: பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸுக்கு நான்கு தூரங்கள், ஜூமுக்கு நான்கு குவியத் தூரம் பெருக்கல் நான்கு தூரம், ஆக 16 இடங்கள். எண் லென்ஸுக்குள்ளேயே பதிவாகும். டாமரான் லென்ஸுக்கு டேப்-இன் கன்சோல். இவற்றைப் பயன்படுத்தும்போது பாடியிலுள்ள எண்ணை 0 ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லா லென்ஸும் ஒரே பக்கம் தள்ளினால் குற்றம் பாடியில். ஒன்று மட்டும் தள்ளினால் லென்ஸில். +18, –20 என்று எல்லையைத் தொட்டால் எண்ணோடு மல்லுக்கட்டாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். சில வேகமான 50 எம்.எம். லென்ஸ்களில் எஃப் 1.4-இல் சரியாக இருக்கும் ஃபோகஸ் எஃப் 2.8-இல் பின்னால் நகரும். அது கோளப் பிறழ்ச்சியால் (லென்ஸின் ஓரமும் நடுவும் ஒளியை ஒரே இடத்தில் குவிக்காததால்) வருவது. அப்படிப்பட்ட லென்ஸை எந்த அப்பர்ச்சரில் அதிகம் எடுக்கிறீர்களோ அதிலேயே சோதித்து எண் வையுங்கள். பாடியோ லென்ஸோ கீழே விழுந்தாலும், சர்வீஸிலிருந்து திரும்பி வந்தாலும் பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளாமல் பெட்டியையும் ஸ்கேலையும் மறுபடி எடுத்துவையுங்கள்.